கண் உயரம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் சொல்லே பொய்யாகிவிடும் போலிருந்தது, அதனால் உன் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரிக்கு முதுகுவலி தேவலையா? சின்னவள் இன்னும் நகம் கடிக்கிறாளா?

பஞ்சாலையில் பதினேழு வருஷம் உள்ளே இழுத்த தூசு நெஞ்சிலேயே தங்கிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தினம் பதினான்கு மணி நேரம் மூச்சு மிஷின் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கும் பெட்டி அது. மருத்துவமனையே இரவல் தருகிறது. ஆனால் அதற்கு நிற்காத கரண்ட் வேண்டும். கரண்ட் கம்பி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது என்பது உனக்குத் தெரியும். கூரைமேல் இருக்கிற சூரியத் தகடு இரண்டு விளக்குக்கும் ரேடியோவுக்கும் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மிஷினை செப்டம்பர் கடைசி வரைக்கும் எனக்காக எடுத்து வைத்திருப்பார்களாம். அதுவரை வாரத்துக்கு இரண்டு சிலிண்டர். அதற்குள் இங்கே கரண்ட் வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து நான் தனியாக இருக்க வேண்டியதுதான். உன் அத்தானால் என் கூட வர முடியாது. நாற்றுப் பண்ணைக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர் விட வேண்டுமே. முப்பத்தோரு வருஷத்தில் நாங்கள் ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்திருந்ததில்லை. சண்டை போடவாவது பக்கத்தில் ஆள் வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஓடை சும்மாதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ கல்லும் மணல் மூட்டையும் போட்டு அணை கட்டி, ஒரு பல்பை எரியவிட்டாயே. அது உடைந்து அவருடைய இரண்டாயிரம் நாற்றைக் கொண்டுபோனதையும், அவர் சொன்ன சொல்லையும், நீ பையைத் தூக்கிக்கொண்டு போனதையும் நான் கிளறவில்லை. அதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் எரிந்ததல்லவா? அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

போன் இங்கே எடுக்காது. எடுத்தாலும் பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதினால் வாங்குவதில்லை.

உன் அக்கா

*

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முதுகுவலி போய்விட்டது, நகம் போகவில்லை. உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். பிறகு ஒரு மணி நேரம் பம்பு எதையும் கழற்றவில்லை. முதலாளி வந்து, "என்னப்பா, உனக்கே மோட்டார் போயிடுச்சா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்டதற்கு முதலில் நன்றி. வேறு யாரையாவது கேட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

அத்தான் அன்றைக்குச் சொன்னதை நானே எழுதுகிறேன். "அளக்கத் தெரியாதவன் தண்ணியில கை வைக்கக் கூடாது" என்றார். அவர் சொன்னது சரி. நான் அன்று எதையுமே அளக்கவில்லை. இந்தத் தடவை அணை கிடையாது. ஓடையின் ஓரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் குழாயில் இறக்கி, கீழே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே ஓடையில் திருப்பி விட்டுவிடலாம்.

எனக்கு இரண்டு அளவு வேண்டும். முதலாவது, தண்ணீர் எவ்வளவு. மேலே பாறை இடுக்கில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, இருபது லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார். இரண்டாவது, உயரம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றிக்கொள். ஓடை வீட்டைத் தொடும் இடத்தில் நிமிர்ந்து நின்று, பாட்டிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, உள்ளே இருக்கிற தண்ணீரின் மேல்கோடு வழியாக மேட்டைப் பார். பார்வை எங்கே மண்ணில் முட்டுகிறதோ அங்கே ஒரு குச்சி. அந்தக் குச்சியிடம் போய் நின்று மறுபடியும் பார். பாறை இடுக்கு வரைக்கும் எத்தனை குச்சி என்று எனக்குச் சொன்னால் போதும். ஒவ்வொரு குச்சியும் உன் கண் உயரம். அதை நீ அளக்க வேண்டாம், எனக்குத் தெரியும். உன் வீட்டு முகம் பார்க்கிற கண்ணாடியை உன்னை நிற்கவைத்து நான்தானே மாட்டினேன்? தரையிலிருந்து நூற்று நாற்பது சென்டிமீட்டர்.

நாளுக்கு இரண்டு குச்சி போதும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறு. துணைக்குப் பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக்கொள். நானே வந்துவிடலாம்தான். பட்டறையில் லீவு கிடைப்பது கஷ்டம்.

அத்தானிடம் எதையும் சொல்லிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதே.

உன் தம்பி

*

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. சிலிண்டர் புண்ணியத்தில் நான் நேற்று தோட்டத்து வாசல் வரைக்கும் நடந்தேன். எல்லோரும் சுகம் என்று இன்றைக்குத் தைரியமாக எழுதலாம்.

நீ கேட்டது: வாளி ஐந்து நொடியில் நிறைகிறது. மூன்று தடவை பார்த்தாயிற்று, மூன்று தடவையும் ஐந்துதான். குச்சி இருபது. இருபதும் மூங்கில், நுனியில் வெள்ளைப் பெயின்ட் அடித்து ஒன்று முதல் இருபது வரை நம்பர் போட்டிருக்கிறது. மேட்டைப் பார்த்தால் ஏதோ சர்வே ஆபீஸ் வந்து இறங்கின மாதிரி இருக்கிறது.

இதற்கு மேல் என்ன வேண்டும் சொல். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது? லீவு கிடைக்காத விஷயத்தை நான் நம்பிவிட்டதாக வைத்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆசை. நீ தோட்டத்து வாசல் வரை நடந்ததை என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு டீதான்.

இருபது குச்சி, ஒவ்வொன்றும் ஒன்று நாற்பது. ஆக இருபத்தெட்டு மீட்டர். நொடிக்கு நான்கு லிட்டர். பாதி வழியிலேயே வீணாகும் என்று வைத்தாலும் ஐந்நூற்றைம்பது வாட் கிடைக்கும். உன் மிஷினுக்கு முந்நூற்றைம்பது போதும். மிச்சத்தில் விளக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சக்கரத்தை நானே பித்தளையில் செய்கிறேன். விளிம்பு முழுக்கக் குழிக்கரண்டி மாதிரி பதினெட்டு கிண்ணம். குழாயின் நுனியில் நாசில் என்று ஒரு சின்ன மூக்கு இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக் கிண்ணத்தில் அடிக்க, சக்கரம் சுற்றும். இருபத்தெட்டு மீட்டருக்குப் பதினைந்து மில்லிமீட்டர் மூக்கு சரியாக இருக்கும். கூடவே ஒரு கன்ட்ரோலர் பெட்டி. நீங்கள் செலவழிக்காத கரண்டை அது ஒரு ஹீட்டருக்குத் தள்ளிவிடும். உனக்கு வெந்நீர் இலவசம்.

மூன்று அங்குலக் குழாயைப் பாறை இடுக்கிலிருந்து வீடு வரைக்கும் இறக்கி, மண்ணில் புதைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறதா?

தம்பி

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. நடுவில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பயப்படாதே, இப்போது வீட்டில்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தினமும் தன் வீட்டு வாசல் கதவு எந்த நிறம் என்று என்னிடம் சொல்வாள். அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அறைகளில் ஒன்றில் ஏழு மாதமாகத் தனியாக இருக்கிறாளாம்.

திரும்பி வந்தபோது குழாய் பதித்து முடிந்திருந்தது. ஆள் கிடைத்தது. வேலை சுத்தம். பண்ணை வழியாகத் தோண்டியும் ஒரு நாற்றின் வேர்கூட அறுபடவில்லை. ஓடைத் தண்ணீர் உள்ளே நுழையும் வாயில் இலைகள் அடைக்காமல் ஒரு வலைப்பெட்டியும் வைத்தாயிற்று.

உன் சாமானை அனுப்பு. மருத்துவமனை நர்ஸ் தேதியை ஞாபகப்படுத்தினாள். செப்டம்பர் முப்பது.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை மூன்று வரியில் எழுதிவிட்டாய். இனிமேல் அப்படி எழுதாதே.

சக்கரம், டைனமோ, கன்ட்ரோலர் பெட்டி, ஹீட்டர், வால்வு எல்லாம் இரண்டு மரப்பெட்டியில் லாரி ஏற்றியாயிற்று. எதை எதோடு சேர்ப்பது என்று படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன். வால்வுக்கு மேலே வட்டமாக, தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு பிரஷர் கேஜ் இருக்கும். குழாயில் தண்ணீர் நிறைந்ததும், வால்வை மூடியபடியே அதைப் பார். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒன்று என்று கணக்கு, ஆக முள் 2.8ல் நிற்க வேண்டும். எங்கே நிற்கிறது என்று கட்டாயம் எழுது.

பட்டறை ஆட்கள் எல்லோரும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். கிண்ணங்களுக்கு மெருகு போட்டது அவர்கள்தான்.

தம்பி

*

செப்டம்பர் 9

தம்பிக்கு,

நீயும் குழந்தைகளும் சுகமா?

பெட்டிகள் வந்தன. பால் வண்டிக்காரர் இறக்கி வைத்துவிட்டு, "உங்க தம்பி இரும்புக் கடையையே கட்டி அனுப்பிட்டாரா?" என்றார். படத்தைப் பார்த்து எல்லாம் பூட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வால்வைத் திறந்தோம். சக்கரம் சுற்றியது. சமையலறை விளக்கு எரிந்தது. பகலில் எரிந்த விளக்கைப் பார்த்து நான் அழுதேன்.

அந்த விளக்கு மேலும் மேலும் வெள்ளையாகிக்கொண்டே போயிற்று. சக்கரம் வீறிட்டது. கன்ட்ரோலர் பெட்டி கூவிவிட்டுத் தானே நின்றுவிட்டது. அதில் கடைசியாக 270 வோல்ட் என்று தெரிந்தது. மறுபடி போட்டோம், மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவையும் அதே. இதில் மூச்சு மிஷினைச் செருகினால் அரை நாளில் புகை வந்துவிடும் என்று எனக்கே தெரிகிறது.

கேஜ் முள் 2.8ல் நிற்கவில்லை. 3.4 காட்டுகிறது.

உன் அத்தான் இரண்டு நாளாகச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். நான் துணிப்பையை எடுத்து நான்கு புடவை மடித்து வைத்துவிட்டேன். நீ செய்ததற்கெல்லாம் நன்றி. அந்த விளக்கு எரிந்ததற்கும் நன்றி. இப்போதும் நாற்பது நிமிஷம்தான் என்றாலும் பரவாயில்லை.

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் பையிலிருந்து புடவைகளை எடு.

முள் 3.4 என்றால் தண்ணீர் முப்பத்து நான்கு மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று அர்த்தம். அது பொய் சொல்லாது. முப்பத்து நான்கை இருபது குச்சியால் வகுத்தால் ஒரு குச்சிக்கு ஒன்று எழுபது. நூற்று எழுபது சென்டிமீட்டரில் கண் இருக்கிற ஆள் உன் வீட்டில் ஒருவர்தான். சமையலறைக்குள் வரும்போது நிலையில் தலை இடிக்காமல் குனிகிறவர். மூங்கில் குச்சிக்குப் பெயின்ட் அடித்து நம்பர் போடுகிறவரும் அவர்தான். இதெல்லாம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை.

அளவில் ஒரு தப்பும் இல்லை, இதை அளந்தவரிடம் சொல். இருபது குச்சியில் ஒரு மீட்டர்கூடப் பிசகவில்லை. பட்டறையில் நாங்கள் கருவி வைத்து அளந்தாலே இப்படி வராது. தப்புச் செய்தது நான். யார் அளந்தது என்று கேட்காமலே பெருக்கிவிட்டேன்.

உயரம் கூடியதால் தண்ணீர் வேகமாக அடிக்கிறது, கரண்ட் அதிகமாக வருகிறது. ஹீட்டரால் அதை விழுங்க முடியவில்லை. அவ்வளவுதான் நோய். இத்துடன் துணியில் சுற்றி ஒரு சின்னப் பித்தளை மூக்கு வைத்திருக்கிறேன். பதின்மூன்று மில்லிமீட்டர். வால்வை மூடிவிட்டு, பழைய நாசிலைக் கழற்றி இதைத் திருகச் சொல். இரண்டு நிமிஷ வேலை.

அத்தானைச் சாப்பிடச் சொல்.

தம்பி

*

செப்டம்பர் 24

மைத்துனர் அவர்களுக்கு,

நலம். தங்கள் குடும்பத்தார் நலத்தையும் விரும்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நாற்றுக்குப் பெயர்ச் சீட்டு எழுதுவேன், அதுதான் என் எழுத்து வேலை.

நாசில் 20ம் தேதி வந்தது. அன்றே மாற்றினேன். மதியம் பன்னிரண்டே காலுக்குத் திறந்தேன். 230ல் நின்றது. மாலை ஆறு மணி வரை ஸ்டூல் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அசையவில்லை. 22ம் தேதி மருத்துவமனை ஆட்கள் வந்து பார்த்துவிட்டு மிஷினை வைத்துவிட்டுப் போனார்கள். இதை எழுதும்போது தங்கள் அக்கா அடுத்த அறையில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து, நான் அரிசியில் கல் பொறுக்கியது சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலச் சொன்னாள். நடுவில் மூச்சு வாங்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் முதல் கடிதத்தில் வேலைப் பகுதியை மட்டும்தான் அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். அவள் மேடேறக் கூடாது என்று நான்தான் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். நான் அளந்ததாக எழுத வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். "கண் உயரம் எவ்வளவுன்னு கேக்கலையா?" என்றேன். "அவனுக்குத் தெரியுமாம்" என்றாள். அவள் கண்ணைத்தான் சொல்கிறீர்கள் என்று அவள் சொல்லவில்லை. மேடு ஒன்றுதானே, யார் பார்த்தால் என்ன என்று நினைத்தாளாம்.

நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்படிப் பேசி அனுப்பிய பிறகும், அளக்கப் போவது நான்தான் என்று ஊகித்து, என் உயரத்தை நீங்கள் ஒன்பது வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் குழாய் பதித்தேன்.

இல்லை என்று இப்போது தெரிகிறது. இருந்தாலும் முள்ளைப் பார்த்து என்னைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நன்றி.

அன்று சொன்ன சொல் தப்பு. நாற்றை மறுபடி போட்டுவிட்டேன். சொல்லைத்தான் எடுக்க முடியவில்லை.

நீங்கள் மாட்டிய கண்ணாடி அதே இடத்தில்தான் இருக்கிறது. தினமும் குனிந்துதான் சவரம் செய்கிறேன். கழற்றி ஏற்றி மாட்டத் தோன்றியதில்லை.

இப்படிக்கு,
அத்தான்

*

அக்டோபர் 8

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பதைப் படித்ததே எங்களுக்குச் சுகம். உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். என் வீட்டுக்காரி, உங்களுக்குத் தங்கச்சி முறை, மூன்று தடவை டீ போட்டாள்.

அன்று சொல்லாமல் கொள்ளாமல் போனது என் தப்பு. இரண்டாயிரம் நாற்றைக் கொன்றவன் கூட இருந்து மறுபடி நட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

உங்கள் உயரத்தை நான் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வகுத்து ஒன்று எழுபது என்று வந்ததும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, உங்கள் முகம்தான் வந்தது. அதைக் கொஞ்சம் ஞாபகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். நான் நினைத்தபடி இருபத்தெட்டு மீட்டரே இருந்திருந்தால், பதினைந்து மில்லிமீட்டர் மூக்குக்கு நொடிக்கு நான்கு லிட்டர் வேண்டும். வாளி ஐந்து நொடியில் நிறைந்தே ஆக வேண்டும். கோடையில் ஓடை சிறுத்தால் குழாயில் காற்று புகுந்து சக்கரம் நின்றுபோயிருக்கும். அக்காவுக்கு இதை நான் எழுதவில்லை. எழுதும் தைரியம் இல்லை. இப்போது உயரம் அதிகம், மூக்கு சின்னது. வாளி ஆறு நொடி எடுத்தாலும் ஓடும். அதற்கும் நன்றி உங்களுக்குத்தான்.

இந்தப் பார்சலில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கிறது. தரையிலிருந்து நூற்று எழுபதில் மாட்டிக்கொள்ளுங்கள். இனிமேல் குனிய வேண்டாம்.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்தச் சொல்லை எழுதிவிட்டு ஒரு தடவை திரும்பப் படித்துப் பார்த்தேன், பொய் எங்கேயும் இல்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகமா? நகத்துக்கு வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தீர்களா?

கோடை வந்துவிட்டது. ஓடையில் கல்லெல்லாம் முதுகைக் காட்டுகின்றன. உன் அத்தான் தினமும் காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறார். ஐந்தரை நொடி என்றார். பிறகு ஐந்தே முக்கால். பத்து நாளாக ஆறிலேயே நிற்கிறது. பால் வண்டிக்காரர் இந்த ஓடையை முப்பது வருஷமாகப் பார்க்கிறாராம். "இதுக்கு மேல குறையாதும்மா" என்கிறார். சக்கரம் நிற்கவில்லை. விளக்கு மங்கவில்லை. நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், இவர் வாளி தூக்கிக்கொண்டிருக்கிறார்.

கோடையை நினைத்து நீ எனக்கு எழுதாமல் விட்டதை அவர் அக்டோபரிலேயே படித்துக் காட்டிவிட்டார். உன்னை மாதிரியே எனக்கும் ஒரு விஷயத்தை மறைத்த அனுபவம் இருப்பதால் மன்னித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளைச் சொன்னேனே, அவள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு ஓடை இருக்கிறதாம். அவள் புருஷன் போன வாரம் வந்து, எங்கள் சக்கரத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். உன் அத்தான் அவரிடம் பாட்டிலைக் கொடுத்து, முதலில் அவரைச் சுவரோரம் நிற்கவைத்து, கண் எங்கே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தார். "இதை விட்டுட்டுத்தான் நாங்க மாட்டிக்கிட்டோம்" என்றார்.

உன் கண்ணாடி ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. வந்த அன்றே சுவரில் நூற்று எழுபதில் பென்சிலால் கோடு போட்டார். கோட்டின் நடுவில் ஆணிக்கு ஒரு புள்ளியும் வைத்தார். அதோடு சரி. ஐந்து மாதமாகக் கண்ணாடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. அவர் இன்னும் பழையதிலேயே குனிந்து சவரம் செய்கிறார். நேற்று கேட்டே விட்டேன்:

"ஒரு ஆணி அடிக்க எத்தனை மாசம்?"

கன்னத்தில் சோப்போடு திரும்பி, "அளக்க வேண்டியதை நான் அளந்தாச்சு. ஆணியை அவன் வந்து அடிக்கட்டும். லீவு கிடைக்கலைன்னா அவங்க முதலாளிக்கு நான் ஒரு கடுதாசி போடறேன்" என்றார்.

சுத்தியல் ஜன்னல் கட்டையில் தயாராக இருக்கிறது.

அக்கா